சேற்றில் எடுக்காத வீடியோ

சுடர்விழியின் சேனலுக்குப் பெயர் ‘இறங்கிப் பாரு’. பெயரை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறவள் இல்லை அவள். அரிவாளோ, மோட்டாரோ, தார்ப்பாயோ, எதுவானாலும் பத்து நாள் வயலில் புழங்கிப் பார்த்த பிறகுதான் கேமரா முன்னால் வாயைத் திறப்பாள். ஒரு ஐப்பசி மழையில் தார்ப்பாயை நெல்மூட்டைகள் மேல் போர்த்தி, விடிந்ததும் மூட்டை மூட்டையாகக் கையை விட்டு ஈரம் பார்த்தவள். வலங்கைமானைச் சுற்றியுள்ள ஊர்களில் அவள் நல்லது என்றால் வாங்குவார்கள். வேண்டாம் என்றால் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் வாங்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை இறங்காமல் சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் அது. உரக்கடை துரைராசு கொடுத்தனுப்பியிருந்தார். அந்த வாரம் விடாத மழை. போன் நனைந்துவிடும் என்று வீட்டு போர்ட்டிகோவிலேயே வீடியோ எடுத்தாள். தலை வாரி, நல்ல சேலை கட்டி, டேங்கைத் தரையில் வைத்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றி மூடி, தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று செம்பருத்திச் செடிக்குப் பீச்சிக் காட்டினாள். எடை குறைவு, பெண்களே தூக்கலாம் என்றாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பூச்செடிக்கு மருந்தடிக்க எவள் கூலிக்குப் போகிறாள் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

எடை குறைவு என்பது பொய்யில்லை. ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட பிறகு, மருந்தடிப்பதும் பெண்கள் தோளுக்கு வந்துவிட்ட ஊர் அது. சுடர்விழியின் தெருவிலேயே இருக்கிற தையல்நாயகிதான் முதல் ஆளாகப் போய் வாங்கினாள். மூன்றாவது வாரம் அவள் வேலைக்கு வரவில்லை என்று தெரிந்து சுடர்விழி பார்க்கப் போனாள். தையல்நாயகி குப்புறப் படுத்திருந்தாள். பிடரியிலிருந்து இடுப்பு வரை கொப்புளம் கொப்புளமாக வெந்து கிடந்தது. பூச்சிமருந்து இறங்கி ஊறியதால் வந்த புண் என்று டாக்டர் சொன்னாராம்.

“ஒன் வீடியோவப் பாத்துத்தான்டி வாங்குனேன்” என்றாள் தையல்நாயகி. அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சுடர்விழி தாங்கியிருப்பாள்.

அன்று மதியமே ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு தங்கள் வயலில் இறங்கினாள். குடத்தோடு வரப்பில் நின்றான் புருஷன் பகலவன். இந்தப் பக்கத்தில் மருந்தடிக்கிற யாரும் டேங்கைக் கழற்றிக் கீழே வைப்பதில்லை. முழங்கால் சேற்றில் எங்கே வைப்பது? உள்ளே நிற்கிறவள் முன்னால் குனிந்து முதுகைக் கொடுப்பாள், வரப்பில் நிற்கிறவள் மூடியைத் திறந்து குடத்தால் ஊற்றி இறுக்குவாள். வாய்க்காலைத் தாண்டும்போது மறுபடி குனிந்துதான் காலைத் தூக்க வேண்டும். பகலவன் வெறும் தண்ணீரை ஊற்றி மூடினான். அவள் குனிந்தபடி இரண்டு எட்டு வைத்தாள். மூடியின் இடுக்கு வழியே தண்ணீர் கசிந்து பிடரியில் விழுந்தது. நிமிர்ந்ததும் முதுகோடு வழிந்தது. மூடியை இன்னும் இறுக்கிப் பார்த்தார்கள், அப்போதும் வழிந்தது.

பத்து வயதிலிருந்து இப்படிக் குனிகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள், போர்ட்டிகோவில் நின்றதும் அதை மறந்துவிட்டாள். தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல அவளுக்கு அவமானமாக இருந்தது.

நேரே துரைராசுவின் கடைக்குப் போனாள். அவர் மெத்தை நாற்காலியில் சாய்ந்தபடி கம்பெனி கொடுத்த தாளை எடுத்து விரித்தார். அதில் டேங்கைத் தரையில் வைத்து நிரப்பவும் என்று படத்தோடு போட்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. விற்கிற வரைக்கும் தெரியாத மாதிரி இருப்பார்.

“குனிஞ்சு ஊத்திக்கிட்டா அதுக்குக் கம்பெனி பொறுப்பாகுமா?” என்றார்.

“சேத்துல தரை எங்க இருக்கு? வந்து காட்டுங்க.”

அவர் குரலை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கம்பெனி விழா, மன்னார்குடியிலிருந்துகூட விவசாயிகள் வருகிறார்கள், பேனரில் அவள் படம்தான் பெரிதாக இருக்கிறது, மேடையில் வந்து நல்லபடியாக நாலு வார்த்தை பேசினால் போதும் என்றார். மாற்றிப் பேசி வீடியோ போட்டால் கம்பெனி கேஸ் போடும் என்றும் சொன்னார். கடைசியாக, புத்தி சொல்கிற தோரணையில் ஒன்று சொன்னார்.

“கூலிக்கு நின்ன குடும்பம். இப்பதான் நாலு பேரு கைதட்டுறாங்க. கெடுத்துக்காத சுடரு.”

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கூலிக்கு நின்ற குடும்பம்தான். அவள் தாத்தா காத்தான் அடுத்தவர் வயலில் குனிந்தே காலத்தைக் கழித்தவர். அப்பா காலத்தில் நாலு மா நிலம் சொந்தமாயிற்று. குனிந்த முதுகுகளின் பேத்தி என்பதால்தான் டேங்க் எங்கே ஒழுகும் என்று அவளுக்குத் தெரிகிறது, மெத்தை நாற்காலிக்காரருக்குத் தெரியவில்லை. இதில் வெட்கப்பட வேண்டியவர் யார் என்று நினைத்துக்கொண்டே, விழாவுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டில் பகலவன் பயந்தான். அவன் மினி பஸ் ஓட்டுகிறவன், கோர்ட்டு வாசலை மிதிக்காமல் முப்பத்தாறு வயதைக் கடந்தவன். சேனலை மூட வைத்துவிடுவார்கள், பேசாமல் வீடியோவை மட்டும் அழித்துவிடலாமே என்றான்.

“அழிச்சா தையல்நாயகி அக்கா முதுகுப் புண்ணும் அழிஞ்சிடுமா? கேஸ் போடட்டும். ஜட்ஜு முன்னாடியும் குனிஞ்சு காட்டுறேன்.”

அவன் பீரோவைத் திறந்து தன் கல்யாணச் சட்டையை எடுத்துக் கொடுத்தான். அவள் வெள்ளைச் சட்டை ஒன்று கேட்டிருந்தாள். இருப்பதிலேயே வெள்ளை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, வயல்வேலைக்குப் போகிற பெண்கள் செய்வதுபோலச் சேலைக்கு மேல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டேங்கை முதுகில் மாட்டியபடி மேடை ஏறினாள். கம்பெனி மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். அசல் விவசாயி கெட்டப் என்று மைக்கிலேயே பாராட்டினார். மண்டபத்துச் சமையல்கட்டில் டேங்கில் எதைக் கரைத்து ஊற்றியிருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கீழே முதல் வரிசையில் பகலவன் போனைப் பிடித்துச் சேனலில் நேரலை ஓட்டிக்கொண்டிருந்தான். கேஸ் பயம் இருந்தும் போனை அவன் இறக்கவில்லை.

சுடர்விழி மைக்கை வாங்கினாள். “இந்த மெஷின் நல்லாருக்குன்னு சொன்னது நான்தான். வயல்ல இறங்காம, எங்க வீட்டு போர்ட்டிகோவுல நின்னு சொன்னேன். அது என் தப்பு. இப்ப இறங்குறேன், பாருங்க.”

குடத்துக்கு முதுகு கொடுக்கிற மாதிரி குனிந்தாள். குனிந்தபடியே, வாய்க்கால் ஒன்று அங்கே ஓடுகிற மாதிரி காலைத் தூக்கி வைத்தாள். மேனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து, கூட்டத்துக்கு முதுகைத் திருப்பினாள்.

கல்யாணச் சட்டையின் காலரெல்லாம் மஞ்சள். டேங்குக்குக் கீழே, இடுப்புப் பக்கமும் மஞ்சள் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முதலில் பேச்சு நின்றது, பிறகு ஆண்கள் பக்கமும். மேடையின் பின்பக்கம் நின்ற துரைராசு கையசைக்க, மைக் செத்தது.

அவள் மைக்கை மேசையில் வைத்தாள். வயலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவளுக்கு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே, எதிரே நின்ற துரைராசுவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“இது மஞ்சத் தண்ணி, அண்ணே. அலசி வெயில்ல போட்டா போயிடும். தையல்நாயகி அக்கா முதுகுல எறங்குனது மருந்து. அது போவாது.”

டேங்கை இறக்கிவைக்கச் சொல்லி யாரோ ஓடிவந்தார்கள். அவள் இறக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து போனாள்.