காது மெஷினுக்கு வரி

நாட்டின் வரிச் சட்டத்தில் பாதி ‘வரி மாமா’வின் கைவண்ணம். நாடாளுமன்றத்திலேயே தலை நரைத்துப்போன அவரால், காது மெஷின் மீதான வரியை மட்டும் அசைக்க முடியவில்லை. இப்போதெல்லாம் அவர் எந்தத் தீர்மானம் கொண்டுவந்தாலும், ஆள்பலம் மிகுந்த எதிர்வரிசை கண்ணை மூடிக்கொண்டு “இல்லை” என்று கத்தித் தோற்கடித்துவிடும். தன் காதே மந்தமாகிவிட்ட போதும், அந்த வரி ஒழியும்வரை மெஷின் வாங்க மாட்டேன் என்று அவரும் ஒற்றைக்காலில் நின்றார். தொண்டை கட்டிப்போனது என்னவோ அவர் மனைவிக்குத்தான்.

ஆண்டுதோறும் நீட்டிக்காவிட்டால் அந்த வரி தானாகவே காலாவதியாகிவிடும். இந்த முறை கடைசி நாளில், அதை நீட்டிக்கச் சொல்லி மாமாவே தீர்மானம் கொண்டுவந்தார்.

சபாநாயகர் வாக்கெடுப்புக்கு விட்டதும், எதிர்வரிசை பழக்கதோஷத்தில் “இல்லை” என்றது.

மாமா காதருகே கையை வைத்துக்கொண்டு எழுந்தார். “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. சரியா காதுல விழல.”

கூரை அதிர்ந்தது. வரி ஒழிந்தது.

மறுநாள் மெஷினை வாங்கி மாட்டிக்கொண்டு வீடு வந்தவரிடம், மனைவி வழக்கம்போல் கத்தினாள்: “ஏங்க, சாப்பிட வாங்க.”

“மெதுவா பேசு,” என்றார் மாமா. “நேத்து அவங்க போட்ட சத்தமே இன்னும் காதுல இனிச்சுக்கிட்டு இருக்கு.”