மழைக்கு விட்ட இடம்

கிள்ளானில் கனகேஸ்வரிக்கு 'லோங்காங் மேடம்' என்று ஒரு பெயர் உண்டு. சாக்கடைக்கு மலாயில் லோங்காங். நகராண்மைக் கழகத்தின் வடிகால் பிரிவில் அவள் எஞ்சினியர். அந்தப் பெயரைக் கேட்டு அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

அவளுக்குக் கோபம் வந்ததெல்லாம் பழைய விதியின் மீதுதான். யார் எதைக் கட்டினாலும், தன் நிலத்தில் விழும் மழையை முடிந்த வேகத்தில் வெளியே தள்ளிவிட வேண்டும் என்றது அந்த விதி. சுற்றிலும் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் அதனால் கேடில்லை. பிறகு ஊருக்கு வெளியே மேரு பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஊருக்குள் பழைய பங்களாக்களை இடித்து மாடிகள் எழுப்பினார்கள். தண்ணீர் குடித்த மண்ணெல்லாம் சிமெண்டுக்கு அடியில் போயிற்று. எல்லாரும் ஒழுங்காகப் பெரிய பெரிய வடிகாலாகக் கட்டித் தண்ணீரைக் கீழே தள்ள, தாழ்வான இடங்களில் இருந்தவர்கள் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

தொண்ணூற்றாறில் கனகேஸ்வரி புது விதி ஒன்றை எழுதினாள். புதிதாகக் கட்டினாலும் சரி, இடித்துக் கட்டினாலும் சரி, முன்பு போன வேகத்தைவிட அதிகமாகத் தண்ணீர் அந்த நிலத்தைவிட்டு வெளியேறக் கூடாது. மிஞ்சுவதைக் குளத்திலோ தொட்டியிலோ தேக்கி, மழை விட்ட பிறகு மெல்ல விட வேண்டும்.

கழகக் கூட்டத்தில், புதிதாகக் கட்டுவது என்ற முதல் பாதிக்குத் தலையாட்டினார்கள். இடித்துக் கட்டுவது என்ற இடத்தில் முட்டிக்கொண்டது. "ஊருக்குள்ள நிலம் என்ன விலை! அதுல எவன் குளம் வெட்டுவான்?" என்றார் ஓர் உறுப்பினர். செய்ய முன்வரும் ஒருவரையாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை அவளுடைய அண்ணன் சிவகுருநாதன் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்தார். பெற்றோர் விட்டுப்போன கிள்ளான் வீட்டில் கனகேஸ்வரி மட்டும்தான் இருந்தாள். அதை இடித்து அடுக்குமாடி கட்டுவதென்று இருவரும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள்.

"உன் ரூல் கொஞ்சம் லேட்டா வந்தா என்ன குறைஞ்சிடும்? என் பிளான் அப்ரூவ் ஆகட்டும், அப்புறம் கொண்டு வா" என்றார்.

"அண்ணா, நம்ம வீட்டுக்காக நிறுத்தி வச்சேன்னு நாளைக்கு யாராவது கேட்டா?"

"யார் கேக்கப் போறா? தொட்டி கட்ட இடம் விட்டா ஒரு வீடு போயிடும்லா."

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. நல்ல மழை. சற்று நேரத்தில் பின் சந்திலிருந்து, "கனகம்! கனகம்!" என்று குரல் கேட்டது. நல்லம்மாள். பின்னால் தாழ்வாக இருந்த வீட்டில் மசாலாத்தூள் அரைத்து விற்பவள். கனகேஸ்வரி குடைகூட எடுக்காமல் ஓடினாள். பின்னாலேயே சிவகுருநாதனும் ஓடினார்.

நல்லம்மாளின் கூடத்தில் முழங்கால் தண்ணீர். மிளகாய் மூட்டைகள் நனையத் தொடங்கியிருந்தன. சிவகுருநாதன் ஆபீஸ் சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கி, மூட்டைகளைத் தோளில் தூக்கி மேசைமேல் அடுக்கினார். நெடி ஏறித் தும்மித் தும்மிக் கண்கள் சிவந்துவிட்டன. எல்லாம் மேலே ஏறிய பிறகுதான் வாசலுக்கு வந்து பார்த்தார். சந்தின் மறுபுறம் புதிதாக எழுந்த மூன்று மாடிக் கட்டடத்தின் குழாய்கள் அருவிபோல் கொட்டிக்கொண்டிருந்தன. வடிகால் வழிந்து அத்தனையும் இந்த வீட்டைப் பார்த்தே வந்தது.

"அந்த ஆளு ரூல்ஸ மீறிக் கட்டிட்டானா?"

"இல்லண்ணா. எல்லாம் ரூல்ஸ்படிதான். அதான் பிரச்சினை" என்றாள் கனகேஸ்வரி.

நல்லம்மாள் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "முன்னெல்லாம் இப்படி இல்லண்ணே. இப்ப உங்க பிளாட்டும் வரப் போவுதாமே. நாங்க வேற எடம் பாத்துக்கிட்டு இருக்கோம்."

அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் சிவகுருநாதனைக் குத்தியிருக்க வேண்டும். காருக்குப் போகும் வழியில் நின்று அந்தக் குழாய்களை இன்னொரு முறை பார்த்தார்.

அடுத்த வாரம் அவருடைய கட்டட வரைஞர் வீரசிங்கம் கனகேஸ்வரிக்குப் போன் செய்தார். "உங்க அண்ணன் பிளானை மாத்தச் சொல்லிட்டாரு மேடம். கார் பார்க்குக்கு அடியில தொட்டி. ஒரு வீட்டைக் குறைச்சாச்சு."

கனகேஸ்வரி வரைபடத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கூட்டத்தில் அந்த வரைபடத்தை விரித்து வைத்துவிட்டு அவளே முதலில் சொன்னாள்: "இது என் குடும்ப நிலம். இந்தப் பிளானை நான் பார்க்க மாட்டேன், வேற ஆபீசர் பார்க்கட்டும். ஆனா ஊருக்குள்ள செய்ய முடியுமான்னு கேட்டீங்களே, செய்றதுக்கு ஆள் இருக்கு." நெடுநேரம் வாதம் நடந்தது. கடைசியில், தனி வீடுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து விதியை ஏற்றுக்கொண்டார்கள். அந்த விலக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

பொருளாதார நெருக்கடி வந்து கட்டட வேலை ஒரு வருஷம் அப்படியே நின்றது. ஆனாலும் சிவகுருநாதன் தொட்டியைக் கைவிடவில்லை. அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, மூன்று மாடிக்காரரிடம் போய்ப் பேசி, அவர் கூரைத் தண்ணீரில் ஒரு பகுதியையும் அதற்குள் திருப்பிவிட்டார். அது எந்த விதியிலும் இல்லாதது.

கட்டடம் முடிந்த வருஷத்து நவம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் நல்லம்மாள் கனகேஸ்வரியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "படி வரைக்கும் வந்துச்சு கனகம், உள்ள ஏறல. நாங்க எங்கயும் போகல. எங்க வீட்டுக்காரரு கிரைண்டர் ஒண்ணு புதுசா வாங்கலாங்குறாரு" என்றாள்.

அந்த மாதமே ஷா ஆலமில் ஒரு கல்யாண வீட்டில் சிவகுருநாதன் நாலைந்து வீடமைப்பாளர்களைச் சுற்றி உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "தண்ணியை அடுத்தவன் வாசலுக்குத் தள்ளுறது ஒரு பில்டிங்காய்யா? நான் அப்பவே சொன்னேன், தொட்டி கட்டாம தொடவே கூடாதுன்னு!"

பக்கத்து மேசையில் இருந்த கனகேஸ்வரி அண்ணனைத் திருத்தவில்லை. அந்த வீடமைப்பாளர்களில் ஒருவர் பேனாவை எடுத்து, "தொட்டி எவ்வளவு ஆழம் பாஸ்?" என்று கேட்பது அவள் காதில் விழுந்தது. சிவகுருநாதன் விழித்தார். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.