அளக்கும் நாளில் வரும் கூடம்

சொத்து வரி அளக்கும் நாளன்று கப்பல்காரரின் மாளிகை ஒரு கார் நிறுத்தும் கொட்டகை அளவுக்குச் சுருங்கிவிடும். அளப்பவர்கள் தெருமுனையில் திரும்பும்போதே மாடிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கிவிடும். நீச்சல் குளம் ஒரு வாளித் தண்ணீராகிவிடும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கப்பல்காரர், "வாங்க, வாங்க, இருக்கிறது இவ்வளவுதான்" என்று இரண்டு கைகளையும் விரிப்பார். கைகளை முழுசாக விரிக்கக்கூட அங்கே இடம் இருக்காது. மாலையில் அவர்கள் கிளம்பியதும் மாளிகை சோம்பல் முறித்துப் பழையபடி நிமிர்ந்து நிற்கும். ஊரில் யாருக்கும் இது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. பால் போடுகிறவர் மட்டும் அன்றைக்குப் பாக்கெட்டுகளை எங்கே வைப்பதென்று கொஞ்சம் திணறுவார்.

காணாமல் போன அறைகள் காற்றில் கரைந்துவிடவில்லை. மாளிகையின் பின்பக்கத் தெருவுக்கு வந்து பகல் முழுக்கத் தங்கின. இஸ்திரிக்காரர் வீட்டில் குளியலறையை ஒட்டி ஒரு நூலகம் வந்து நிற்கும். பஸ் கண்டக்டர் வீட்டுப் படிக்கட்டு மொட்டை மாடியோடு நிற்காமல் மேலும் ஏறிக்கொண்டே போகும். தையல்காரர் வீட்டில், அடுப்புக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே, பளிங்குத் தரையும் சரவிளக்குமாக ஒரு கூடம் வந்து உட்காரும். பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுவார்கள். பெரியவர்கள் குளுகுளுவென்று இருக்கிறதே என்று மதியத் தூக்கம் போடுவார்கள். அதற்குள் அளப்பவர்கள் வந்து அளந்துவிட்டுப் போவார்கள், அளந்ததற்கு வரி வரும். "இது எங்களுது இல்லீங்க" என்று முதல் சில ஆண்டுகள் தெருவே கத்திப் பார்த்தது. "உங்க வீட்டுக்குள்ளதானே இருக்கு?" என்று அளப்பவர்கள் கேட்டார்கள். உள்ளேதான் இருந்தது.

அந்தத் தெருவை அளக்க வந்தவள் வேறு யாருமல்ல, தையல்காரரின் சொந்தத் தங்கை. தெரு அவளுக்கு வைத்த பெயர் டேப்பு. பின்னாளில் சண்டை வராமல் இருக்க, அளக்கும் டேப்பின் ஒரு முனையை அளப்பவரும் மறுமுனையை வீட்டு ஆளும் பிடிக்க வேண்டும் என்பது இலாகா வழக்கம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அண்ணனும் தங்கையுமாக அந்தக் கூடத்தை அளந்தார்கள். "அண்ணே, தொய்யாம பிடி." "பிடிச்சிட்டுத்தாம்மா இருக்கேன். நம்ம சொத்துல ஒரு இஞ்சு குறைஞ்சிடப் போவுது!" என்பார் அவர். அண்ணி சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின், தெருக்கோடியிலிருந்த இலவச ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டு அவள் உயிரோடு இருந்தாள். அந்த ஆஸ்பத்திரியைத்தான் மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

அரசாங்கத்திடம் காசு இல்லை. செலவைக் குறைக்கத்தான் பார்த்தது. ஆனால் சிக்கன உத்தரவு வாசிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தலைமை அலுவலகம் ஒரு மாடி உயர்ந்தது. ஈரமான பெயின்ட் வாசனையோடு, ஜன்னல் கம்பி உட்பட, மாடி தானாகவே முளைக்கும். முளைத்த மாடியைக் காலியாக விட முடியாதே. அதிகாரிகளைப் போட்டார்கள், கம்பளம் விரித்தார்கள், டீ கொண்டுபோக ஆள் வைத்தார்கள். அந்தச் செலவைப் பார்த்துப் பதறி மறுபடி சிக்கன உத்தரவு வாசித்தார்கள். கடைசியில் சிக்கனக் குழு என்றே ஒன்று அமைந்தபோது, ஒரே வாரத்தில் கட்டிடம் மேகத்தைத் தொட்டுவிட்டது. உச்சி மாடிக்காரர்கள் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

வரி ஆணையர் ஒருநாள் டேப்பைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். "கப்பல்காரரோட உண்மையான அளவைக் கொண்டு வாம்மா. அந்த வரி ஒண்ணு வந்தா போதும், ஆஸ்பத்திரி மேல யாரும் கை வைக்க முடியாது. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு." அவர் குரல் தழுதழுத்தது. அவள் நம்பினாள். அதிகாரி குரல் தழுதழுத்து அவள் அதுவரை கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அளந்து முடித்த அறையின் வாசல் நிலைக்கு மேலே சிவப்பு பெயின்டில் வீட்டு எண்ணை எழுதுவது இலாகாவின் பழைய வழக்கம். சோம்பல் பட்டு எல்லாரும் தெருவாசலில் மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஆண்டு அவள் கூடத்தின் பளிங்குத் தூணிலேயே உள்ளங்கை அகலத்துக்கு அண்ணன் வீட்டு எண்ணை எழுதி, காய்கிற வரை முறத்தால் விசிறினாள். மாலையில் கூடம் வழக்கம்போல் கிளம்பிப் போனது. மறுநாள் காலை ஆணையரோடு மாளிகைக்குள் நுழைந்தாள். பெரிய பூச்சாடிக்குப் பின்னால் அதே தூண், அதே சிவப்பு எண். ஆணையர் அவள் தோளில் தட்டினார். கப்பல்காரர் பதறவே இல்லை. பழச்சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வக்கீலுக்குப் போன் போட்டார்.

விசாரணையில் வக்கீல் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான். "உங்க இலாகா வழக்கப்படி, ஒரு அறையில எழுதியிருக்கிற எண் எதைக் காட்டுது?" இத்தனை வருடப் பழக்கத்தில் பதில் அவளை முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. "அந்த அறை அந்த எண்ணுள்ள வீட்டுக்குச் சொந்தம்னு காட்டுது." சபை சிரித்தது. திருட்டைக் காட்ட அவள் வைத்த அடையாளம், கூடம் தையல்காரருடையது என்று அவள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிட்டது. அப்போதும் அவள் கலங்கவில்லை. கூடம் காலையில் வந்து மாலையில் போகிறது என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டேப்பின் மறுமுனையைப் பிடித்த மனிதர் அவர்.

தையல்காரர் புதுச் சட்டையில் வந்தார். கூடம் யாருடையது என்று கேட்டார்கள். அவர் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ரவிக்கையின் கைத்தையல் பிரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, "எங்களுதுதாங்க. எங்கப்பா காலத்துலேருந்து எங்களுது. கப்பல்கார ஐயா அதுல வாடகைக்கு இருக்காரு" என்றார்.

வாசலில் அவள் அவரை மறித்தாள். "என்ன கொடுத்தாங்க உனக்கு?"

"உங்க அண்ணிக்கு ஆயுசுக்கும் கப்பல்காரரோட சொந்த ஆஸ்பத்திரியில வைத்தியம். ஏசி ரூமு." தையல்காரர் மூக்கைச் சிந்தினார். "நீ அளந்து, அவரு வரி கட்டி, அந்தக் காசு அத்தனை மாடியும் ஏறி, எல்லார் கையையும் தாண்டி, திரும்பக் கீழ எறங்கி நம்ம தெருவுக்கு வர்றதுக்குள்ள அவ இருப்பாளா? நீயே சொல்லும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே. ஊரு சிரிக்க என்னை நிக்க வெச்சிட்டியே."

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்பே. நான் மனசு மாறியிருப்பேன்."

அவர் சொன்ன கணக்கில் தப்பு இருக்கிறதா என்று அவள் வீடு போய்ச் சேரும்வரை தேடினாள். கிடைக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் அறுத்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தையல்காரரைப் பார்த்து இஸ்திரிக்காரர் நூலகம் தன்னுடையது என்றார், கண்டக்டர் படிக்கட்டுகளை ஏற்றுக்கொண்டார். ஆளுக்கொரு வாக்குறுதி கிடைத்திருந்தது. ஆகவே அந்தத் தெரு நாட்டிலேயே பெரிய பணக்காரத் தெருவாயிற்று. சொந்தமாக ஒரு கூரைகூட இல்லாதவரான கப்பல்காரர், வீடற்றோருக்கான சலுகையைக் கைகூப்பி வாங்கிக்கொண்டார். மேகத்துக்குள் உட்கார்ந்திருந்த சிக்கனக் குழு, குறைக்கக்கூடிய செலவு ஒன்றை முதல்முறையாகக் கண்டுபிடித்தது. இவ்வளவு வசதியான தெருவுக்கு இலவச ஆஸ்பத்திரி எதற்கு? டயாலிசிஸ் மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தக் குழு வேறெதையும் குறைத்ததாகத் தகவல் இல்லை.

உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் பழைய ஆணையர். பதவி உயர்வில் குழுத் தலைவராகியிருந்தார். டேப்பு அவரைப் பார்க்கப் போனாள். லிஃப்ட் ஏறஏறக் கட்டிடமும் வளர்ந்துகொண்டே போனதால் உச்சிக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அவர் அவளை மறக்கவில்லை, டீகூட வரவழைத்தார்.

"வாக்குக் கொடுத்தீங்களே சார்" என்றாள்.

"கொடுத்தது ஆணையரும்மா" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "நான் இப்ப குழுத் தலைவர்."

கப்பல்காரரின் ஆஸ்பத்திரி அண்ணிக்குச் சில மாதங்கள் நன்றாகவே வைத்தியம் பார்த்தது. பிறகு மேனேஜர் மிக மரியாதையாகக் கேட்டார்: "அவ்வளவு பெரிய கூடம் வெச்சிருக்கீங்க. நீங்களே பணம் கட்டிடலாமேம்மா?" அன்றைக்குத்தான் அண்ணிக்கு முழு விஷயமும் தெரிந்தது. ஏசி ரூமிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள். "என்னை வெச்சு என் நாத்தனாரை வித்திருக்கீங்க. அதுலயும் ஏமாந்திருக்கீங்க" என்று புருஷனிடம் சொன்னாள். தையல் மெஷின் ஒன்றை விற்று, பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்வரத் தொடங்கினாள். போகிற வழியில் வாந்தி எடுத்தாள், திரும்புகிற வழியில் தூங்கினாள். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் இளைத்தாள். டேப்பு அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே அண்ணியைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவாள்.

ஆனால் வேலை வேலைதானே. அளக்கும் நாள் வந்தபோது அவள் வர வேண்டியிருந்தது. தையல்காரர் எழுந்து டேப்பின் முனைக்காகக் கையை நீட்டினார். "நீங்க உக்காருங்க" என்றாள் அண்ணி. தானே முனையை வாங்கிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றாள். டேப்பை இழுத்துப் பிடிக்க அவள் சுவரில் சாய வேண்டியிருந்தது.

"முடியுதா அண்ணி?"

"முடியாம என்ன. நீ உள்ளதை எழுது."

கூடம் அந்த ஆண்டு கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டிருந்தது. இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று அண்ணி முன்தினமே அடுப்பை ஓரமாக நகர்த்தி, அதற்கு இடம் விட்டு வைத்திருந்தாள்.