நீர்நாய்க்குத் தெளிந்த தண்ணீர்

மழைக்காட்டு விலங்குக் காப்பகத்தில் ஒரு மாதம் தொண்டு செய்ய விண்ணப்பம் போட்டவள் மகள்தான். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தது. கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். காப்பகத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். மழைக்காலத்தில் கை போதவில்லை, வீட்டில் வேறு யாராவது வந்தாலும் சரி என்றார்கள். அவள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா குழாய் வேலை செய்பவர். இருபத்தாறு வருடமாக ஊரார் வீட்டு அடைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நாய் வாலாட்டினாலே தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார்.

"நான் போய் என்னம்மா பண்ணப்போறேன்? குரங்குக்குக் குழாயா மாட்டிவிடப்போறேன்?" என்றார்.

"நீங்க போய்ட்டு வந்து எனக்குச் சொல்லுங்கப்பா. அது போதும்."

மகள் கேட்டு மறுத்துப் பழக்கமில்லை. மனைவி பையில் நான்கு ஜோடி காலுறையை அதிகமாகத் திணித்தாள். அவர் கிளம்பிவிட்டார்.

காப்பகம் என்றால் அவர் மனதில் ஏதோ பெரிய கட்டடம் இருந்தது. போய்ப் பார்த்தால் தகரக் கூரை போட்ட ஆறு கொட்டகைகள், கம்பி வலைக் கூண்டுகள், ஒரு நீளமான சமையலறை. அந்தச் சமையலறையில் வேகிறது எதுவும் இல்லை. காலை ஐந்தரை மணியிலிருந்து பழமும் கிழங்கும் கீரையும் நறுக்கி, ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நிற வாளியில் போட வேண்டும். பச்சை வாளியை மஞ்சள் கூண்டுக்குக் கொண்டுபோனால் விலங்கு மருத்துவரான டாக்டரம்மா ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. விலங்குகளுக்குப் பேர் வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். பேர் வைத்தால் காட்டில் விட மனசு வராதாம். எல்லாம் எண்கள்தான். அப்பாவுக்கு மட்டும் இரண்டாம் நாளே பேர் விழுந்துவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துப் பொறுக்காமல் சரிசெய்தார். அன்றிலிருந்து அங்கே வேலை செய்த இருபது பேருக்கும் அவர் 'பைப் அண்ணன்'.

கூண்டுகளுக்கு மேலே சரிவில் தோட்டம் இருந்தது. விலங்குகளின் தீனி முழுக்க அங்கேதான் விளைந்தது: வாழை, பப்பாளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நாலைந்து வகைக் கீரை. ரசாயன உரம், பூச்சி மருந்து எதுவும் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் 'தோட்டத்தக்கா' என்றார்கள். மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த சரிவைப் பதினோரு வருடத்தில் கறுப்பு மண்ணாக்கியவர் அவர். பாத்திகள் மேலிருந்து கீழே வரை கோடு போட்டது போல் நேராக ஓடும். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் படம் எடுப்பார்கள்.

தோட்டத்துக்குக் கீழே ஓடை. ஓடைத் தண்ணீர் ஒரு குளத்தில் விழும். அந்தக் குளத்தில் இருந்தது பதினான்காம் எண், ஒரு நீர்நாய்க் குட்டி. மீன் வலையில் சிக்கித் தனியாகக் கிடந்ததை எடுத்துவந்து வளர்த்தார்கள். உயிருள்ள மீனைத் தானாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டால்தான் அதை ஆற்றில் விட முடியும். குளத்தில் மீன் விட்டு இரண்டு மாதம் ஆகியும் அது ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. மூழ்கும், சுற்றும், வெறும் வாயோடு மேலே வந்து கரையில் படுத்துக்கொள்ளும். கண்கள் சிவந்திருந்தன. பார்வையில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார். அடுத்த மாத முடிவுக்குள் பிடிக்காவிட்டால் ஆயுள் முழுக்கக் கூண்டுதான் என்று கவலையோடு சொன்னார்.

குளத்துக்குள் தண்ணீர் விழும் இடத்தில் இருந்த சல்லடையைத் தினமும் கழுவுவது பைப் அண்ணனின் வேலை. அந்தச் சல்லடையில் சேறு சேர்ந்த வேகம் அவருக்கு உறுத்தியது. காட்டு ஓடையில் இவ்வளவு சேறு ஏன்? சேற்றை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். மக்கிய வைக்கோல் துணுக்கும் வேர் நாரும் இருந்தன. அடைப்பு எங்கே தெரிகிறதோ அங்கே அல்ல, அதற்கு மேலே போய்த் தேடுவது அவருடைய தொழில். காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஓடையோரமாக ஏறினார். தோட்டத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் என்று ஐந்து நாள் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வரிசையாக வைத்தார். மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கீழ்த் தண்ணீரில் வெளிச்சம் நுழையவே இல்லை.

டாக்டரம்மாவிடம் போகலாமா என்று யோசித்தார். முதுகுக்குப் பின்னால் கோள் சொன்னது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. பாட்டில்களோடு நேராகத் தோட்டத்தக்காவிடமே போனார். தோட்டத்து மண் கரைந்து குளத்தைக் கலக்குகிறது, அதனால்தான் குட்டிக்கு மீன் தெரியவில்லை என்றார்.

அக்கா பாட்டில்களைத் தொடவே இல்லை. "பதினோரு வருஷமா இந்த மண்ணோட இருக்கேன். நீங்க வந்து பதினோரு நாளாகுது," என்றார்.

"சரிதான்க்கா. அடுத்த மழைக்கு எங்கூடக் கீழ நின்னு ஒரு தடவ பாருங்க. நான் சொன்னது தப்புன்னா அதுக்கப்புறம் வாயே தெறக்க மாட்டேன்."

அக்கா மறுபடி கீரை பறிக்கக் குனிந்துவிட்டார்.

மறுநாள் நண்பகலில் வானம் பொத்துக்கொண்டது. பைப் அண்ணன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சரிவின் அடியில் போய் நின்றார். அக்கா வருவார் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் காலணிகள் வந்து நின்றன. அக்காதான். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்த நேரான பாத்திகளுக்கு நடுவே ஒவ்வொரு வாய்க்காலிலும் தண்ணீர் தலைதெறிக்க ஓடிவந்தது. கறுப்பாக வந்தது. அக்கா குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து போக, அவர் மாதக்கணக்கில் மக்கவைத்த எரு கையில் தங்கியது. மழை விடும் வரை நின்றார். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார்.

அன்று மாலை பைப் அண்ணன் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து தட்டைக் கழுவினார். வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

காலையில் வேலை பிரிக்க எல்லோரும் கூடியபோது அக்கா முன்னால் வந்து நின்றார். டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் இருபது பேருக்கும் கேட்டது.

"பதினாலு கண்ணுல கோளாறு இல்ல டாக்டர். என் தோட்டத்துலதான் இருக்கு. பாத்திய எல்லாம் பிரிச்சுக் குறுக்க போடணும். பைப் அண்ணன் மட்டம் பாத்துக் குடுப்பார். எனக்கு ஆள் வேணும்."

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நடந்தார். எல்லாவற்றிலும் நேரான, நடுப்பாத்தியில்தான் முதல் வெட்டு விழுந்தது. பைப் அண்ணன் அந்தக் காட்சியைப் பின்னாளில் எத்தனையோ பேரிடம் சொன்னார்.

பன்னிரண்டு நாள் பிடித்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு பேர் பிடிக்க, ஒரே மட்டத்தில் குச்சி நட்டுக்கொண்டே போனார் அண்ணன். குச்சிகளைத் தொடர்ந்து சரிவுக்குக் குறுக்காகப் பாத்திகள் வளைந்து வந்தன. பாத்திக்குப் பாத்தி நடுவில் ஒரு வரிசை புல். கடைசியில், ஓடைக்கு முன்னால், வண்டல் தங்குவதற்கு மூன்று குழிகள். முதல் குழி அவர் கணக்குத் தப்பி ஒரே மழையில் சரிந்து விழுந்தது. "இதுக்கு யார் கண்ணுல கோளாறு?" என்று அக்கா கேட்க, சேற்றில் நின்றுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். மறுபடி வெட்டி, கல் அடுக்கிக் கட்டினார். முற்றாமல் தோண்டிய சின்னக் கிழங்குகளைக் குரங்குகள் குறை சொல்லாமல் தின்றன. கீரை நாற்றுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றி நட்டார்கள். அண்ணனின் கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப் போனது.

அதன் பிறகு மூன்று பெரிய மழை பெய்தது. குழிகளில் வண்டல் தங்கியது. அக்கா அதை வாரி மறுபடி பாத்தியில் போட்டார். குளம் நாளுக்கு நாள் தெளிந்தது. எட்டாம் நாள் அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ண முடிந்தது. வளர்ந்த நீர்நாய் கலங்கலிலும் மீசையால் தடவி மீனைக் கண்டுபிடித்துவிடும், கற்றுக்கொள்ளும் குட்டிக்குக் கண் வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கினார். குட்டியின் கண் சிவப்பும் குறைந்திருந்தது.

பத்தாம் நாள் காலை பைப் அண்ணன் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினாலு கரையிலிருந்து தலையை நீட்டித் தண்ணீரைப் பார்த்தது. சத்தமே இல்லாமல் உள்ளே வழுக்கி, ஒரு திருப்பம் திரும்பி, வாயில் துடிக்கிற மீனோடு மேலே வந்தது. அவர் ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார். அவர்கள் பார்க்கப் பார்க்க இன்னொன்று. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அண்ணன் அங்கே போய் நின்று மகளிடம் சொன்னார். அந்தப் பக்கம் அவள் யாரிடமோ பேசுவது மங்கலாகக் கேட்டது.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. இங்க அம்மாகிட்ட சொல்லிட்டு இருந்தேன். எங்கப்பா செஞ்சாருன்னு."

ஒரு மாதத்துக்கு வந்தவர் குட்டியை ஆற்றில் விடும் நாள் வரை இருந்துவிட்டார். அந்த நாளுக்கு மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் கைத்தடி ஊன்றி நடந்தாள். போகிற வழியெல்லாம், நீங்கதான் பைப் அண்ணன் பொண்ணா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆமாம் என்று அவள் சொன்ன விதத்தை மனைவி கவனித்துக் கணவரை முழங்கையால் இடித்துச் சைகை காட்டினாள்.

ஆற்றங்கரையில் பெட்டியைத் திறக்க டாக்டரம்மா அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் தோட்டத்தக்காவைக் கூப்பிட்டார். அக்கா தயங்கினார். கடைசியில் ஆளுக்கொரு தாழ்ப்பாளைத் திறந்தார்கள். குட்டி மூக்கை நீட்டி முகர்ந்தது, தண்ணீரில் இறங்கியது, போயே போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவுக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

பிறகு அக்கா மகளின் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு மெல்ல ஏற்றிக் கூட்டிப்போனார். வளைந்து வளைந்து போகிற பாத்திகளைக் காட்டினார். கட்டினதை உடைக்கும்போது வலிக்கவில்லையா என்று மகள் கேட்டாள்.

"வலிச்சுதும்மா. ரெண்டு நாள் உங்கப்பா மூஞ்சியவே பாக்கல. இப்ப என் மண்ணு எங்கிட்டயே இருக்கு."

மகள் அங்கேயே டாக்டரம்மாவிடம் பேசி, கால் சரியானதும் வருவதாகப் பதிவு செய்துகொண்டாள். விலங்குப் பிரிவா என்றதற்கு, தோட்டம் என்றாள்.

பைப் அண்ணன் ஊர் திரும்பினார். ஏழு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்கள் தெருவெல்லாம் அவருக்காகக் காத்திருந்தன. இப்போது எந்த வீட்டில் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாலும் அங்கிருந்தபடியே ஆரம்பித்துவிடுகிறார்: ஒரு அக்கா இருக்காங்க, பதினோரு வருஷம் பாடுபட்டுப் போட்ட பாத்திய அவங்களே மண்வெட்டி எடுத்து...