போறோம் என்றாள்

முதல் நாள் ஆறுதான், அதில் மாற்றமே கிடையாது, போய் இறங்கினதும் ரூமில் பையைப் போட்டுவிட்டு நேரே படகுத்துறை, ஏனென்றால் முதல் நாள்தான் காலில் தெம்பிருக்கும், கடைசி நாளுக்குத் தள்ளினால் கூட வேலை செய்கிற கஞ்சியின் முழங்கால் மக்கர் பண்ணும், நீ போயிட்டு வாடி நான் இங்கயே உக்காந்திருக்கேன் என்று ஏதாவது ஒரு பெஞ்சைப் பார்த்துச் சாய்ந்துவிடுவாள், அவளை உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் போய் ஆற்றைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, பார்த்ததை யாரிடம் சொல்ல... அந்த ஊரில் பஸ் மாதிரி படகாம், துறைக்குத் துறை நின்று போகுமாம், இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்கிக்கொள்ளலாமாம், வீட்டுக்காரர் போனில் போட்டுக் காட்டினார், தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, கரை நெடுக வானத்தைக் குத்துகிற மாதிரி கட்டடங்கள், தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரிய ஊர்களில் ஒன்று என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போனது, கஞ்சி கையை விட்டுடாதே, அவ்வளவு ஜனத்துல தொலைஞ்சியானா உன்னை எந்த பாஷையில தேடறது என்றார் அவர். இவள் இரண்டு கையிலும் ஷீட்டின் இரண்டு முனை, எதிர்முனை இரண்டும் கஞ்சியின் கையில், சேர்ந்தாற்போல் உதறினார்கள், ட்ரையரின் சூடு ஆறாத வெள்ளைத் துணி வயிறு உப்பி அடங்கியது, கிட்டே வா, முனையைக் கொடு, குனிந்து மடிப்பை எடு, விலகிப் போ, மறுபடி கிட்டே வா. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஓட்டலின் லாண்ட்ரியில், தரைக்குக் கீழே, ஜன்னல் என்று ஒன்று இல்லாத இந்தக் கூடத்தில், இவள் முகத்தை அவளும் அவள் முகத்தை இவளும் பார்த்துக்கொண்டு இதே நடை, கட்டினவரைக்கூட இத்தனை தடவை நேருக்கு நேர் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

கஞ்சி என்பது இங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பேர், ஆள் எப்போதும் கஞ்சி போட்டுத் தேய்த்த மாதிரி விறைப்பு, சூப்பர்வைசரே வந்து நின்றாலும் கழுத்து திரும்பாது. இவளுக்கு மெத்தை, காரணம் பார்த்தாலே தெரியும். இரண்டையும் சேர்த்து ரெட்டை மாட்டு வண்டி. மெஷின்கள் போடுகிற இரைச்சலில் இங்கே பேச்சு காதில் விழாது, வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும், மடிக்கக் கிட்டே வரும்போது ஒரு வரி, விலகும்போது நிறுத்தம், திரும்ப வரும்போது விட்ட இடத்திலிருந்து, கஞ்சியின் சம்பந்தியம்மா கதை முழுக்க இப்படித் துண்டுதுண்டாகத்தான் வந்து சேர்ந்தது, அந்த அம்மாள் தலை துவட்டின துண்டைக்கூட இம்மியூண்டாக மடித்து வைப்பாளாம், துண்டை மடிக்கிறாளா மாத்திரைப் பொட்டலம் மடிக்கிறாளான்னே தெரியலடி என்பாள் கஞ்சி முகத்தில் ஒரு கோடு அசையாமல், இவள் சிரிக்கிற சிரிப்பில் ஷீட் கையைவிட்டு நழுவும்... அப்படி ஒரு நாள்தான் அந்த ஊரும் வந்தது, ரூமைக் காலி பண்ணின யாரோ தலையணை உறைக்குள் விட்டுப்போன புத்தகத்தில் ஒரு படம், தூண்கள் மேல் ரயில் ஓடுகிறது, கீழே ஆறு, கஞ்சி அதைக் கிழித்து மேஜைக்கு மேலே ஒட்டினாள், ஊர் ஊரா சுத்தறதெல்லாம் மேல் மாடிக்காரங்க, நமக்கு வரது அவங்க படுத்தெழுந்த ஷீட்டு, ஒரு நாளைக்கு நம்ம படுத்த ஷீட்டை வேற எவளாவது மடிக்கட்டும்டி என்றாள். அந்த வேகத்தில் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் பாஸ்போர்ட்கூட எடுத்தார்கள், போட்டோவில் கஞ்சி போலீஸ் பிடித்து நிறுத்தினவள் மாதிரி இருந்தாள், இவளுக்குக் கண் மூடியிருந்ததால் இரண்டாம் தடவை எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒருத்தி வீட்டில் கல்யாணம், ஒருத்தி வீட்டில் ஆபரேஷன், அடுத்த வருஷம், அடுத்த வருஷம்... படம் மட்டும் நீராவியில் வெளிறிப்போய் அதே சுவரில்.

போன வாரம்தான், கடைசி ஷீட்டில், கிட்டே வந்தபோது கஞ்சி சொன்னாள். "அந்த ஊருக்குப் போறோம்டி. பையன் டிக்கெட் போடறேன்னுட்டான்." விலகினார்கள். திரும்பி வந்தபோது, அடுத்த மாசம், முதல் வெள்ளியிலேர்ந்து மூணு நாள், எத்தனை வருஷமா பேசிட்டிருக்கோம் என்றாள், கண்ணில் ஒரு பளபளப்பு, கஞ்சிக்கு அப்படிப் பளபளத்து இவள் பார்த்ததே இல்லை. இவள் தலையை மட்டும் ஆட்டினாள், அதற்குள் ஷிப்ட் முடிந்துவிட்டது. மறுநாளிலிருந்து கஞ்சிக்கு ராத்திரி முறை, முகம் பார்க்கவே இல்லை, இவளோ ஒரு வாரமாக அந்த ஊரில்தான் இருந்தாள், சோற்றை வடிக்கும்போது படகில், துணி காயப் போடும்போது ரயிலில், அடி மெத்தென்றிருக்கிற செருப்பு ஒன்று வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுப் போட்டு நடந்து பழகினாள், வீட்டுக்காரர் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தார், எதிர்வீட்டில் போய்ச் சொல்லியும் விட்டார், நேற்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, இன்றைக்கு ஏப்ரன் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட பாஸ்போர்ட், டீ வேளையில் கொடுத்துவிட வேண்டும், டிக்கெட் போட நம்பர் கேட்பானே அந்தப் பிள்ளை, இன்னும் கேட்கவில்லை என்றால் கஞ்சிதான் மறந்திருப்பாள், வாரம் பூரா தூக்கமில்லாதவளுக்கு எது ஞாபகம் இருக்கும்...

இரண்டாம் நாள் அந்த ஊரின் உயரக் கட்டடம், கஞ்சி அதைக் கோபுரம் என்பாள். உச்சியில் கண்ணாடியிலேயே தரை போட்டிருக்கிறார்களாம், காலுக்குக் கீழே ஊர் எறும்பு ஊர்கிற மாதிரி தெரியுமாம், இவள் மொட்டை மாடியிலேயே கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகமாட்டாள், ஆனால் கஞ்சி விடமாட்டாள், வாடி மெத்தை, விழுந்தாலும் உனக்கு அடிபடாது என்று கையைப் பிடித்து இழுப்பாள், இவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள், கஞ்சி கீழே என்னென்ன தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருவாள், அப்படிப் பார்த்தால் போதாதா, அவள் கண்ணால் பார்த்தால்... ராத்திரி ரூமுக்கு வந்ததும் முதல் வேலை ஷீட்டைத் தூக்கி மூலையில் மடிப்பு எப்படி என்று பார்க்க வேண்டும், அந்த ஊரிலும் தரைக்குக் கீழே யாரோ இரண்டு பேர் கிட்டே வந்து விலகி மடித்திருப்பார்கள், அதில் ஒருத்தி விறைப்பாகவும் ஒருத்தி குண்டாகவும் இருப்பாள் என்று சொன்னால் கஞ்சி சிரிப்பாளா, சிரிக்கமாட்டாள், உதட்டை ஒரு பக்கம் இழுப்பாள், அது அவளுக்குச் சிரிப்பு. கிட்டே வந்தார்கள். முதல் நாள் ஆத்துக்குப் போயிடலாம் சரியா என்று இவள் கேட்டாள். கஞ்சி முனையை வாங்கிக்கொண்டு, "ஆறெல்லாம் இல்லடி, சம்பந்தியம்மாவுக்குத் தண்ணின்னா பயமாம். நாங்க கோபுரம் பாத்துட்டு ரூமுக்கு வந்துடுவோம்" என்றாள்.

குனிந்து மடிப்பை எடுத்தாள். நிமிர்ந்தாள். விலகினாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, நல்லவேளையாகக் கைக்குக் காது கிடையாது... நாங்க. சரியாகப் பார்த்தோமா, நாம என்று சொல்லியிருக்கலாம், இரைச்சலில்... இல்லை, இங்கே காது ஏமாறும், கண் ஏமாறாது, நாம என்றால் உதடு இரண்டும் ஒரு தரம் ஒட்டிப் பிரிய வேண்டும், ஒட்டாமல் அந்த வார்த்தையைச் சொல்லவே முடியாது, கஞ்சியின் உதடு ஒட்டவில்லை, திறந்தது திறந்தபடியே இருந்தது. அப்படியானால் அன்றைக்கு? போறோம்டி என்றாளே, அதற்கு முன்னால் ஏதாவது இருந்ததா, யோசித்து யோசித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை, வெறும் போறோம், நாம போனாலும் போறோம், நாங்க போனாலும் போறோம், பாழாய்ப் போன வார்த்தை யார் யார் என்று சொல்கிறதா, வாசலைத் திறந்து போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறது, போகிறவள் வருகிறவளெல்லாம் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று உள்ளே நுழைந்துவிட வேண்டியது... இவள்தான் நுழைந்தாள். செருப்பு வாங்கிக்கொண்டு நுழைந்தாள். எத்தனை வருஷமா பேசிட்டிருக்கோம் என்றாளே, பேசினது நாம்தானே, அதில் யார் கலந்தார்கள், சம்பந்தியம்மாவா கலந்தாள்? நம்ம படுத்த ஷீட்டை என்று சொன்னாளே, அதில் உதடு நன்றாகத்தானே ஒட்டியது... நம்ம என்றால் என்ன, நம்ம சூப்பர்வைசர், நம்ம வாஷிங் மெஷின், அதுக்கு ஒரு அர்த்தமா. மாத்திரை மடிக்கிற அந்த அம்மாளோடு படுக்கைக்குப் படுக்கை, கையோடு கை, அந்தக் கதைகளுக்கு இவள் சிரித்த சிரிப்பெல்லாம் யார் கணக்கில் போயிற்று. ஏப்ரன் பையிலிருந்த உறை தொடையில் உறுத்தியது, குனியும்போதெல்லாம் உறுத்தியது, நல்லகாலம், எடுத்து நீட்டவில்லை, நீட்டியிருந்தால்... அந்த மட்டுக்கும் மானம் தப்பியது என்று நினைத்து முடிக்கவில்லை, சூப்பர்வைசர் நோட்டை வீசிக்கொண்டு வந்துவிட்டார்.

ரெண்டு மாடும் ஒரே தேதியில அவுத்துக்கிட்டுப் போனா வண்டிய யாரும்மா இழுக்கறது, நானா என்று காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார், அவருக்கு அது நகைச்சுவை, ஆனா நான் கையெழுத்துப் போட்டுட்டேன், நல்லா சுத்திப் பாருங்க ரெண்டு பேரும் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். கஞ்சியின் கழுத்து திரும்பியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பியது. ஷீட் நடுவில் தொய்ந்து தொங்கியது.

"நீ எதுக்குடி லீவு போட்ட?"

"பல்லு," என்றாள் இவள். "பல்லு புடுங்கணும்."

"மூணு நாளா? எத்தனை பல்லு?"

இதற்குச் சிரிக்க வேண்டும், வேறெந்த நாளாக இருந்தாலும் சிரித்திருப்பாள், கஞ்சி அப்படிக் கேட்கிற விதத்துக்குச் செத்தவளும் எழுந்து சிரிப்பாள், இப்போதும் உதடு பழக்கத்தில் விரிந்தது, ஒரு பக்கமெல்லாம் ஆடுது, எடுத்துட்டா நிம்மதி என்று எதையோ சொன்னாள், கன்னத்தில்கூடக் கை வைக்க முடியவில்லை, இரண்டு கையிலும் துணி. கஞ்சி தொய்ந்த ஷீட்டை இழுத்துப் பிடித்தாள். உதறினாள். இவளும் உதறினாள். கிட்டே வந்தார்கள், விலகினார்கள், அடுத்த ஷீட், மறுபடி கிட்டே, மறுபடி விலகல், கஞ்சி இவள் முகத்தைப் பார்க்காமல் ஷீட்டின் ஓரத் தையலையே பார்த்துக்கொண்டு வந்தாள், புரிந்துவிட்டது, எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு, புரியாமல் இருந்திருக்கக் கூடாதா, பல்வலி என்று நம்பித் தொலைத்திருக்கக் கூடாதா, ஏமாந்ததுகூடப் பெரிசில்லை, ஏமாந்ததை அவள் பார்த்துவிட்டாளே, வீட்டில் அவரிடம் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றச் சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்பார், கேட்காமல் ஏற்றினால் அதைவிட மோசம்... தப்பு அவள் மேல் என்ன இருக்கிறது, மகன் கூட்டிப் போகிறான், அவன் பணம், அவன் மாமியார், அவன் அம்மா, இதில் அம்மாவோடு ஷீட் மடிக்கிறவள் எங்கிருந்து வந்தாள், எந்தக் குடும்பத்திலாவது கேட்டதுண்டா. நியாயம்தான். நியாயம்தான் என்று மனசு சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஈரத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டே போயிற்று, இன்னும் ஒரு முறுக்கு, இன்னும் ஒரு முறுக்கு, கண்ணில் நீராவி என்று சொல்லிக்கொள்ளலாம், இங்கே யார் கண்ணில்தான் நீராவி இல்லை.

கஞ்சி கிட்டே வந்தாள். முனையைக் கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள்.

"நீயும் எங்களோட வாயேன்," என்றாள், கண் தையலில். "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன்."

எங்களோட. அதிலும் ஒட்டவில்லை. ஒருத்தியை உள்ளே கூப்பிடும்போதே அவள் வெளியே நிற்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடுகிற வார்த்தை, அவளுக்குத் தெரிந்து சொல்லவில்லை, பாவம், வேறு எப்படித்தான் சொல்வாள், நம்மளோட வாயேன் என்று யாராவது கூப்பிடுவார்களா, நம்மில் இருக்கிறவளைக் கூப்பிட வேண்டியதே இல்லையே... வேண்டாம்டி, நீங்க சந்தோஷமா போயிட்டு வாங்க, எனக்கு என்ன, போட்டோ எடுத்துட்டு வந்து காட்டு, அவ்வளவுதான், சொல்லிவிட வேண்டியதுதான், இதைச் சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் உள்ளே ஒன்று அதற்குள் ரூமுக்குள் போய்விட்டிருந்தது, இடம் பார்த்துக்கொண்டிருந்தது, மகனும் மருமகளும் ஒரு ரூம், கஞ்சியும் சம்பந்தியம்மாவும் ஒரு ரூம், கட்டில் இரண்டு இருக்கும், பரவாயில்லை, கதவோரமாக எக்ஸ்ட்ரா பெட் ஒன்று போடச் சொன்னால் போடுவார்கள், எல்லா ஓட்டலிலும் உண்டு, குறட்டைகூட விடாமல் சுருண்டு படுத்துக்கொள்ளலாம்... சே, என்ன மனசு இது, எந்தக் குப்பையில் பொறுக்கினது என்று அதட்டினாள், அது கேட்கவில்லை, தலையணை ஒன்று போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கஞ்சி இன்னும் பதிலுக்காக நின்றாள், இரைச்சலில் இவள் வாயையே பார்த்தபடி. எக்ஸ்ட்ரா பெட்டுக்குப் போடுவது சிங்கிள் ஷீட், அதை மடிக்க ஒரு ஆளே போதும் என்பது இவளுக்குத் தெரியாததா.