ஐம்பத்திரண்டு வயது பெண்

பெட்டி பாதிக் குழிக்கு இறங்கியபோது டிக்சனின் கையிலிருந்த செல்போனுக்கு வேறொரு அழைப்பு வந்து வீடியோ அப்படியே நின்றுபோனது. திரையில் ‘டெஸ்க் காசிலிங்கம்’ என்று வந்தது. துண்டித்தான். அத்தானின் முகம் திரும்ப வந்தது.

“படம் நின்னுட்டுதே, டிக்சன்” என்றார் தனராஜ் அத்தான். குரல் காய்ச்சலில் கம்மியிருந்தது. அவருக்கும் கொரோனாத் தொற்று, வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. “இறக்கிட்டாவளா?”

“இறக்குதாவ அத்தான்.”

வெள்ளைக் கவச உடையில் நான்கு தன்னார்வலர்கள் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார்கள். இருபதடி தள்ளி நின்று சர்ச்சிலிருந்து வந்த சபை ஐயர் முகக்கவசத்துக்குள் ஜெபித்தார். பாதி வார்த்தைகள் கடற்காற்றில் போயின. சொந்தம் என்று அங்கே நின்றது டிக்சன் ஒருவன்தான். பெட்டிக்குள் அவனுடைய அக்கா அற்புதமணி. உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் டீச்சர். அவள் முகத்தை அவன் கடைசியாகப் பார்த்தது ஆறு நாளுக்கு முன், ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது.

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஜேசிபி மண்ணைத் தள்ளியது. ஒரு பிடி மண் போடலாமா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

பைக்கை எடுக்கும் முன் காசிலிங்கத்தை அழைத்தான். டிக்சன் பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளிதழின் தூத்துக்குடி நிருபர். காசிலிங்கம் அதன் நெல்லைப் பதிப்பில் உதவி ஆசிரியர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது மூன்றோ நான்கோ தடவைதான்.

“எங்கப்பா போன? ஆளையே காணும். இன்னைக்குச் சாவு லிஸ்ட் வந்துட்டா?”

“சாயங்காலம்தான் வரும் அண்ணாச்சி.”

“அப்பம் பிளஸ் டூ பரீட்சை பத்தி நாலு பெத்தவங்கட்ட கருத்து வாங்கிரு. போட்டோ வேணும். மாஸ்க் போட்ட போட்டோ.”

“சரி அண்ணாச்சி.”

சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

நான்கு பேரிடமும் போனிலேயே வாங்கினான். மூன்று பேர் பரீட்சை வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு அம்மா மட்டும், “பிள்ள உசிரோட இருந்தாப் போதும் சார், மார்க்கு என்னத்துக்கு” என்றாள். அதையும் தட்டச்சு செய்தான்.

மத்தியானம் கஞ்சி வாங்கிக்கொண்டு போய் அத்தான் வீட்டு கேட்டில் மாட்டினான். அவர் ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பேப்பர்ல வருமா?”

“வரும் அத்தான். பேரு போட மாட்டாவ. வயசு மட்டும்தான்.”

அத்தான் தலையாட்டினார். “அவ ஒரு நியூஸ் போடச் சொன்னாளே உங்கிட்ட” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

தேர்தல் முடிந்த வாரம் அக்கா போன் செய்திருந்தாள்.

“ஏலே, எங்கிளாஸ்ல முப்பத்தொரு பிள்ளைய. அதுல பதினெட்டு உப்பளத்துல நிக்குது. நீ டெய்லி கல்வித் தொலைக்காட்சி, ஆன்லைன் கிளாஸுன்னு எழுதுத. எந்த வீட்டுலலே போன் இருக்கு? ஒருதரம் வந்து பாத்துட்டு எழுதேன்.”

“இப்பம் பெட் இருக்கா, ஆக்ஸிஜன் இருக்காங்கிறதுதான்க்கா நியூஸ். ஸ்கூல் தொறக்கட்டும், பாப்போம்.”

“தொறக்கும்போது அந்தப் பிள்ளைய வராதுலே” என்றாள். பிறகு அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தானே ஸ்கூட்டியில் உப்பளத்துக்குப் போய்க் கணக்குத் தாள் கொடுத்து, திருத்தி வாங்கி வந்தாள். தொற்று அங்கே வந்ததா, ரேஷன் கடையிலா, வீட்டிலேயேவா, யாருக்கும் தெரியாது.

மாலை ஆறேகாலுக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. ஏழு பேர். மூன்றாவது வரி: 52, பெண், சர்க்கரை நோய்.

டிக்சன் தட்டத் தொடங்கினான். ‘தூத்துக்குடியைச் சேர்ந்த 52 வயது பெண் உள்பட 7 பேர் சிகிச்சை...’ இரண்டு மாதமாக அடித்து அடித்துப் பழகியதில், ‘பலனின்றி உயிரிழந்தனர்’ என்ற வார்த்தைகளை செல்போன் தானாகவே எடுத்துக் கொடுத்தது. தொட்டான். வரி முடிந்தது. அனுப்பினான்.

காசிலிங்கம் உடனே கூப்பிட்டார். “ஏழுல முக்கியமானவங்க யாரும் உண்டா? இருந்தா தனியா நாலு வரி போட்டுரலாம்.”

எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சேலை, இரண்டு துண்டு, ஒரு பள்ளிச் சீருடை.

“இல்ல அண்ணாச்சி” என்றான் டிக்சன்.

காலையில் செய்தி ஆறாம் பக்கத்தில், கீழே, மூன்று வரியாக வந்திருந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தான். கலெக்டர் ஆபீசில் பத்து மணிக்குப் பேட்டி இருந்தது. பைக்கை அந்தப் பக்கம் திருப்பாமல் உப்பளச் சாலையில் விட்டான்.

வரப்பில் நடந்து போனபோது உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அவன் கண்களையே பார்த்தாள்.

“டீச்சருக்குத் தம்பியா நீங்க? கண்ணு அப்படியே இருக்கே.”

“ஆமா.”

“எம்பேரு பிச்சம்மா. எம்மவ டீச்சர் கிளாஸுதான், அந்தா நிக்கா. ரெண்டு வெள்ளிக்கிழமையா டீச்சர் வரலியே, காச்சலோ?”

ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் அவனுக்குச் சொன்னார்கள். அத்தானுக்கும் அவர்களே போன் செய்தார்கள். அவன் வாயால் இன்னும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அக்கா செத்துட்டா” என்றான். “நேத்து அடக்கம் பண்ணியாச்சு.”

பிச்சம்மாள் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தாள். வெயிலுக்காகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் செருகினாள். பக்கத்துப் பாத்தியில் நின்ற சிறுமி தாயையே பார்த்தாள். பிறகு அவளும் தன் துண்டை அவிழ்த்தாள்.

டிக்சன் குறிப்பேட்டை எடுத்தான்.

“உம்பேரு என்னம்மா?”

“சரண்யாதேவி.”

“எத்தனாங்கிளாஸ்?”

“அஞ்சு. அற்புதமணி டீச்சர் கிளாஸ்.”

அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டான். அடுத்த பாத்தியில் இன்னும் இரண்டு பிள்ளைகள் தெரிந்தார்கள். அவர்களை நோக்கி நடந்தான். பாதி வரப்பில் திரும்பிப் பார்த்தபோது பிச்சம்மாள் மறுபடி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். துண்டு இடுப்பிலேயே இருந்தது. வெயில் நேரே அவள் தலையில் அடித்துக்கொண்டிருந்தது.