கூடவே வந்த சரளைப் பாதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சுங்கச்சாவடியிலிருந்து காவல்கோபுரம்வரை போகும் சரளைக்கல் பாதை, பல்செட் செய்பவளின் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஊருக்குள் வந்து, அவள் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது. ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் நின்று ஒரு லாரிக்கு வழிவிட்டதாகவும், பிறகு சுவரோரமாகவே வந்ததாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு திரும்பியபோதுதான் அவள் கவனித்தாள். "போ, போ" என்று கையை வீசினாள். அது போகவில்லை. மாடியில் குடியிருந்த நாத்தனார் எட்டிப்பார்த்து, "அண்ணி, உங்க ரோடு கேட்டை மறிச்சுக்கிட்டுக் கிடக்கு. நான் ஸ்கூட்டரை எப்படி வெளிய எடுக்கிறது?" என்று கேட்டாள். 'உங்க ரோடு' என்று அவள் சொன்னது யாருக்கும் தப்பாகப் படவில்லை. ஊரிலிருந்து அந்தப் பாதைக்கு வேறு யார் போனார்கள்?

சைக்கிள் அவளிடம் வந்து சேர்ந்ததே இடுப்புவலியால்தான். ஊரில் பல் போனவர்களின் வாய்களையெல்லாம் சாந்தில் வார்த்து மேசைமேல் வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு செதுக்கி, அவரவர் வயதுக்கேற்ற மஞ்சள் நிறம் பார்த்துப் பல் பொருத்துவது அவள் வேலை. குனிந்தே இருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளுக்கு வேலை கொடுக்கும் பல் டாக்டர் ஒருவர், ஆசைப்பட்டு வாங்கிவிட்டு ஓட்டாமல் சுவரில் மாட்டியிருந்த சைக்கிளை, "எடுத்துட்டுப் போங்கம்மா, பார்க்கும்போதெல்லாம் என்னைத் திட்டுது" என்று அவள் தலையில் கட்டிவிட்டார். கரடுமுரடான தடித்த டயர், ஆட்டுக்கொம்புபோல் வளைந்த ஹேண்டில்பார். தார்ச்சாலையில் ஓட்டினால் லாரிகள் உரசிக்கொண்டு போயின. அதனால் அவள் சரளைப் பக்கம் திரும்பினாள்.

அது ஒரு காலத்தில் ராஜபாட்டை. குதிரைப்படையும் உப்பு வண்டிகளும் போன வழி. ஐந்து வளைவு வைத்த கல்பாலம், எந்த மொழி என்றே தெரியாமல் எழுத்து தேய்ந்த மைல்கற்கள், கூரை போன சுங்கச்சாவடிக்குள் கிளைவிட்டு நிற்கும் ஒரு மரம். நெடுஞ்சாலை வந்தபிறகு கோபுரத்தடியில் இருந்த மூன்று வீட்டுக்காரர்களைத் தவிர எல்லோரும் அதை மறந்துபோனார்கள். சரளையில் ஓட்டுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். சட்டென்று பிரேக் பிடித்தால் வழுக்கும், ஹேண்டிலை இறுக்கினால் கவிழ்க்கும், கையைத் தளர்த்தி அதன் போக்கில் விட்டால் தாங்கும். கை தளர்ந்ததும் அவளுக்கு வாயும் தளர்ந்தது. பாதையோடு பேச ஆரம்பித்தாள்.

பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றி நீட்டியபோது, பஸ் டிரைவரான அவள் கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பார்க்கவே இல்லை. அவள் பார்த்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் கேஸ் தீர்ந்ததைப் பேசினார்கள், தண்ணீர் வராததைப் பேசினார்கள், குழந்தையைப் பற்றி மட்டும் பேசவில்லை. அந்த முகம் உலகத்தில் அவள் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது. தனியாகத் தூக்கிச் சுமந்து அலுத்துப்போய், ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சரளையில் இறக்கிவைத்தாள்.

வந்த அன்று மத்தியானத்துக்குள் பாதை படியேறி, கூடத்தைக் கடந்து, சமையலறைவரை நீண்டு, மீதி உடம்பைக் கொல்லைப்புறத்தில் தோட்டத்துக் குழாய்போலச் சுருட்டி வைத்துக்கொண்டது. மைல்கல் ஒன்று ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் நின்றது. காலையில் கூடத்தில் பனி இறங்கியது, கட்டிலுக்கடியில் கௌதாரி கத்தியது. நகராட்சி இன்ஜினியர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டு, இது நெடுஞ்சாலைத் துறையின் விவகாரம் என்றார். நெடுஞ்சாலைத் துறையினர் வந்து, வீட்டுக்குள் இருப்பது தங்கள் கணக்கில் வராது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவள் கணவனோ, நாளெல்லாம் ரோட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவன், வீட்டிலும் ரோடா என்று முகத்தைச் சுளித்தபடி, கூடத்தில் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவனுக்கு, தாகத்தில் செருப்பைத் தேடப் பொறுமையில்லை. வெறுங்காலோடு சமையலறைக்கு நடந்தான். காலுக்கடியில் சரளை நறநறத்தது. அந்தச் சத்தம் அவன் மனைவியின் குரலாக இருந்தது. 'தலை நிறைய முடி' என்றது. நின்றான். அதுவும் நின்றது. இன்னொரு அடி வைத்தான். 'மேலுதடு மட்டும் என்னை மாதிரி.' எஞ்சின் சத்தத்தில் ஒரு காது பாதி போனவன் அவன். ஆனால் இது உள்ளங்கால் வழியாகக் கேட்டது. நெற்றியில் ஒரு சின்னச் சுருக்கம், ஏதோ யோசிக்கிற மாதிரி. நீள நீளமான விரல்கள். மோவாயில் பள்ளம், அப்பாவுக்கு இருப்பதுபோலவே. தண்ணீரை மறந்துவிட்டு, சமையலறையைத் தாண்டிக் கொல்லைப்புறம் போய், சுருண்டு கிடந்த பாதைமேல் சுற்றிச் சுற்றி நடந்தான். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோதும் நடந்துகொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க? காலெல்லாம் ரத்தம்."

"மோவாயில பள்ளம் இருந்துச்சா?"

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. "இருந்துச்சு" என்றாள்.

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க பார்க்கவே இல்லையே."

அவன் அப்படியே கல்மேல் உட்கார்ந்தான். "பார்த்துட்டா வண்டி ஓட்ட முடியாதுன்னு பயந்துட்டேம்மா. ஸ்டாப்புக்கு ஸ்டாப் சின்னப் பிள்ளைங்க நிக்குது. அதெல்லாம் அந்த முகமாத் தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?"

"சரி, பார்க்கலையே. நிம்மதியா ஓட்டினீங்களா?"

"எங்க? எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிறா. முகம் இல்லாம நிக்கிறா."

இந்த நாளுக்காக அவள் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் நிறைய இருந்தன.   "எனக்கு இன்னும் கோவம் போகலை" என்று மட்டும் சொன்னாள். "போக வேணாம், இருக்கட்டும்" என்றான் அவன். அவள் உள்ளே போய் வெந்நீரில் உப்பைப் போட்டு எடுத்துவந்து, அவன் கால்களை அதில் வைத்தாள். பிறகு, பாதைக்குச் சொல்லாமல் விட்டதை, குழந்தையின் கனம் எவ்வளவு இருந்தது என்பதை, அவனுக்குத் தன் வாயாலேயே சொன்னாள்.

அடுத்த வாரம் கோபுரத்தடியிலிருந்து தேனீ வளர்ப்பவர் வந்து சேர்ந்தார். சட்டை கிழிந்து, கையெல்லாம் முள் கீறியிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க ரோடு இங்க இருக்குன்னு சொன்னாங்க. மாமியாருக்கு மூச்சு இரைக்குது, டாக்டர்கிட்ட கூட்டிட்டு வரணும். புதர்ல அவங்களை எப்படி நடத்திக் கூட்டிட்டு வர்றது?" அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதே கிளம்பினார்கள். அவள் தன் சைக்கிளிலும், கணவன் தன் தங்கையிடம் கடன் வாங்கிய, முன்னால் கூடை வைத்த சைக்கிளிலும் போக, தேனீக்காரர் அவனுக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டார். பாதை சுங்கச்சாவடிவரை அவர்களைப் பின்தொடர்ந்தது. அங்கே அதற்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு, புதரை விலக்கி, சக்கரங்களுக்குக் கீழே விரிந்துகொண்டே போனது. பாலத்தைக் கண்டதும் வேகமெடுத்தது. எத்தனையோ வருடம் பஸ் ஓட்டியவன், தேனீக்காரரோடு இரண்டு முறை குப்புற விழுந்தான். "இறுக்கிப் பிடிக்காதீங்க, அதுவாப் போகும்" என்று அவள் முன்னாலிருந்து கத்தினாள்.

கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாதை ஓரிடத்தில் இரண்டு முழம் குறைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தத் துண்டு படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கிடந்தது. கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார்கள், அசையவில்லை. கணவன் தேனீக்காரரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவர் ஒரு பாட்டில் தேனைக் கொடுத்து, "இருந்துட்டுப் போகட்டும் சார், நாங்க தாண்டிக்கிறோம்" என்றார். அப்படித்தான் இன்றைக்கும் நடக்கிறது. பாதை குறைந்த அந்த இடத்தில் பள்ளமும் இல்லை, மண்ணும் இல்லை, ஒன்றுமே இல்லை. மூன்று வீட்டுக்காரர்களும் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்தாமலேயே ஒரு எட்டு அகலமாக வைக்கிறார்கள். மாமியார் மட்டும் மருமகன் கையைப் பிடித்துக்கொள்கிறார்.